சந்தனம் பூசிய மின்கண்

நமுனுகுலப் பக்கத் தேயிலை ஃபாக்டரி ஒன்றில் நான் தயாரிப்பைக் கவனிக்கும் சின்ன டீமேக்கராக இருந்த காலம். கடவுள் இல்லை என்பதற்கான ஆதாரங்களைப் பதுளை வாசிகசாலையில் திரட்டி முடித்திருந்தேன். மீதி ஆதாரத்தை மாதாமாதம் சம்பளம் தந்தது.

கொழும்பிலிருந்து மின்கண் ஒன்றை வரவழைக்க வைத்தது நான்தான். நிரப்பிய தேயிலைப் பெட்டிகள் பெல்ட்டில் நகர்ந்து கடைசி முனைக்கு வரும். அங்கே ஒரு பக்கம் சின்ன விளக்கு. எதிர்ப்பக்கம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கண். பெட்டி வெளிச்சத்தை மறைத்தால் பெல்ட் தானாக நிற்கும். இறக்கியதும் மறுபடி ஓடும். அதற்கு முன் அந்த வேலையைச் செய்தது ஒரு மனிதரின் "நிப்பாட்டு!" என்ற கூச்சல். அவர் சாயத்தண்ணி குடிக்கப் போனால் பெட்டிகள் தரையில் விழும்.

தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு நம்பிக்கையில்லை. ஆயுதபூசைக்கு மறுநாள் வந்து பார்ப்பதாகவும், ஓடாவிட்டால் சாமான் கொழும்புக்கும் நான் பழையபடி கொழுந்து வாட்டும் மாடிக்கும் போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

சொன்னபடி வந்தார். சுவிட்சைப் போட்டேன். பெல்ட் அசையவில்லை. இல்லாத பெட்டியை இருப்பதாக மின்கண் அடம்பிடித்தது. குனிந்து பார்த்தால், கண்ணாடியின் நட்டநடுவே, மலைக் குளிரில் இன்னும் காயாத கட்டிச் சந்தனம், மேலே குங்குமம். பூசையில் எல்லா இயந்திரத்துக்கும் வட்டமான இடம் பார்த்துப் பொட்டு வைப்பார்கள். இந்தச் சாமானில் வட்டமாக இருந்தது அந்தக் கண்ணாடி மட்டும்தான்.

கைக்குட்டையை எடுத்தேன்.

"ஐயா!" பெட்டி நிரப்பும் பெண்களின் தலைவி குறுக்கே வந்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா வச்ச பொட்ட அழிக்கிறீங்களா?"

"அதுக்குக் கண்ணு தெரியலம்மா."

"சாமி கும்பிடாத ஆளு கொண்டாந்த சாமான் வேற எப்படிங்க இருக்கும்?"

பின்னாலிருந்து இன்னொருத்தி குரல் கொடுத்தாள்: "பொட்ட அழிச்சா நாங்க பெட்டியத் தொட மாட்டோங்க!"

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொட்டை அழித்தால் அவர்கள் வேலை நிற்கும். விட்டுவைத்தால் நான் மாடிக்குப் போகவேண்டும்.

"அழிக்கலம்மா, எடம் மாத்திருவோம்" என்றேன்.

"எங்க மாத்துறது? அதுல வேற வட்டமே இல்லீங்களே."

அவர் பார்வை சுற்றிவந்து என் நெற்றியில் நின்றது. அது அப்போதே உச்சந்தலைவரை விஸ்தரிக்கப்பட்டிருந்தது.

"இந்தா இருக்கே, நல்லா வழுவழுன்னு!"

விரலால் சந்தனத்தை வழித்து என் நெற்றியில் அப்பினார். யாரோ குலவை போட்டார்கள். கண்ணாடியில் மிச்சமிருந்த ஈரத்தைத் துடைத்தேன், ஒருவரும் தடுக்கவில்லை. பெல்ட் ஓடியது. பெட்டி வந்தது, தானாக நின்றது, இறக்கியதும் மறுபடி ஓடியது.

துரை பெட்டியைப் பார்த்ததைவிட என் நெற்றியைத்தான் அதிகம் பார்த்தார். "சரி, அந்த மெஷின் இருக்கட்டும்" என்று ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் நெற்றியைத் துடைக்கக் கையை உயர்த்தினேன். அத்தனை பெண்களும் பெட்டிகளை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். கையை இறக்கினேன். வேலை தொடர்ந்தது.

அன்று மாலை நெற்றிச் சந்தனத்தோடே ஏறிய பசறை பஸ்ஸில், என்னோடு சேர்ந்து கடவுளை ஒழித்த வாசிகசாலை நண்பருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. தேயிலை பற்றியே பேசிக்கொண்டு போனோம்.