பேட்டரி படம்

தெருவில் அவருக்குப் பெயர் ‘போர்டு’. சர்க்யூட் போர்டு செய்வது அவர் தொழில். அதற்கான கருவிகளை எங்கே மலிவாகப் பிடிக்கலாம் என்று அலைவது அவர் வாழ்க்கை. மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப் ஒன்றை, ஒரு கல்லூரி கழித்துக்கட்டியபோது வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் இரண்டு சேனல்களில் ஒன்று கண் திறக்கவே இல்லை. “ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்க எனக்கென்ன நாலு கண்ணா?” என்று அதற்கும் சமாதானம் வைத்திருந்தார்.

எல்லாவற்றிலும் மலிவு, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர். அதன் திரையின் மூலையில், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லும் சின்னப் படம் ஒன்று வாங்கிய நாளிலிருந்தே மின்னிக்கொண்டிருந்தது. புது பேட்டரி போட்டாலும் மின்னியது. “அது பொறந்ததுலேருந்தே அப்படித்தான். சும்மா பயமுறுத்தும்.”

பக்கத்து அறையில் அவருடைய அக்கா படுத்திருந்தாள். நுரையீரல் கைவிட்டதிலிருந்து அவள் மூச்சு ஆக்ஸிஜன் மெஷின் வழியாகத்தான். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அதற்காகப் பெரிய பேட்டரி ஒன்றும், அதைச் சார்ஜ் செய்ய ஒரு போர்டும் தம்பி தயார் செய்தார்.

“கடையில ரெடிமேடா கிடைக்குமே மச்சான்?” என்றார் அக்காவின் கணவர்.

“அவன் உள்ள என்ன வச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும் மாமா? இது நான் செஞ்சது.”

அக்கா மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு, “டேய், உன் மீட்டரும் என்னை மாதிரிதான். எப்பவும் பேட்டரி வீக்” என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

தன் பேட்டரி இளைத்துப்போன மீட்டர், இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஊருக்கெல்லாம் அவர் சொல்லும் எச்சரிக்கையே அதுதான். ஆனால் இந்த முறை மூலைப் படம் நிஜத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. எப்போதும் கத்துகிறவன் பேச்சை யார் கேட்பார்கள்? மீட்டர் சரியான எண்ணைக் காட்டும் வரை சார்ஜர் போர்டின் வோல்டேஜ் திருகைத் திருப்பினார். உண்மையில் வோல்டேஜ் குறைவாகவே போனதால், பெரிய பேட்டரி அன்றிலிருந்து அரை வயிற்றோடு கிடந்தது. ஒரு காபி குடிக்கும் நேரம் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார், மெஷின் ஓடியது. வீட்டிலிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ‘டிக்’ என்று அவர் செய்த போர்டு மெஷினைப் பேட்டரிக்கு மாற்றியது.

“பாத்தீங்களா மாமா?”

மாமாவும் பார்த்தார். மழை விடவில்லை, கரண்டும் வரவில்லை. அரை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்ட மெஷின் நடுவிலேயே கூவிவிட்டு நின்றது. தண்ணீர் தேங்கிய தெருவைத் தாண்டி ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவசரம் தீர்ந்துபோயிருந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு காலியானது. போர்டு அந்த மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு, சார்ஜர் முனைகளில் வைத்தார். அன்று திருகி வைத்த எண் எங்கேயோ, இது எங்கேயோ. நன்றாகக் கீழே இருந்தது. கருவி இப்போது உண்மையைத்தான் சொன்னது. மூலையில் படம் வழக்கம்போல் மின்னியது.

மாமா பின்னால் வந்து நின்றார். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்: “பேட்டரி இல்லைன்னு காட்டுதே மச்சான்?”

“அது பொறந்ததுலேருந்தே...” என்று ஆரம்பித்தவர், சார்ஜர் முனைகளிலிருந்து மீட்டரை எடுத்தார்.