குசினிக்குப் போகும் வழியில் முகமூடிக்காரர்

வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு தெளிவாகவே இருந்தது: வீட்டுக்காரரின் படங்களை எழுத்துமூல அனுமதி இல்லாமல் இடம் மாற்றக் கூடாது, அனுமதி கேட்டால் பதினான்கு நாட்களுக்குள் பதில் தரப்படும். முதற்பாதியை நான் மதித்தேன். இரண்டாம் பாதி அவர்களுடைய பொறுப்பு.

1974இல், புதிதாகக் குடிவந்த வெள்ளைக்காரர் நாட்டில், லிட்கம் என்ற புறநகரில் நாங்கள் எடுத்த வீட்டில், படுக்கையறையிலிருந்து சமைக்கும் குசினிக்குப் போகும் ஒடுங்கிய வழியில் ஒரு படம் சுவரோடு திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தது. பரோக் காலத்தது, செப்புத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தில் அரித்து, மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தது. ஐரோப்பிய நகரமொன்றின் தெருவில் வேடம் போட்ட கூட்டம். கொக்குக் கால்கள், கூனல் முதுகுகள், அலகுபோல் நீண்ட மூக்குள்ள முகமூடிகள். ஒருவன் மட்டும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை ஊரிலேயே ஆறாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் பொல்லாத முகத்தில் விழிக்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

"இஞ்சேருங்கோ, அந்த மூக்கன் என்னைத்தான் பாக்கிறான்."

"அவன் செத்து முந்நூறு வருசம்."

"செத்தவன் எண்டால் இன்னும் மோசமெல்லோ?"

ஒரு துவாயால் மூடினேன்.

"இப்ப துணிக்குப் பின்னாலை என்ன செய்யிறானோ எண்டு யோசிக்க வேண்டிக்கிடக்கு. துவாயை எடுங்கோ."

படத்தையே கழற்றியிருக்கலாம். ஆனால் வீட்டுக்காரரின் ஏஜென்ட் சாவியோடு எந்த நாளும் வரலாம். நிறம் பார்த்து விசா கொடுக்கும் வழக்கம் அந்த நாட்டில் அப்போது ஒழிந்திருந்தது. வீடு வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இந்த வீடும் போனால் பிள்ளையோடு எங்கே போவது? கொழும்புக் கந்தோரில் கோப்புகளோடு வளர்ந்தவன் செய்வதைச் செய்தேன்: பதிவுத் தபாலில் விண்ணப்பம், பிறகு நினைவூட்டல்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிக் குசினிக்குப் போகப் பழகினாள். நான் அவளுக்கும் படத்துக்கும் நடுவே நடந்தேன். பகுத்தறிவாளன்தான், ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

எட்டாம் மாதம் ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. கண் மூடி நடந்தவள் கம்பள விளிம்பில் தடக்கி விழுந்திருந்தாள். தரையில் இருந்தபடி வயிற்றைப் பிடித்திருந்தாள்.

"அசையேல்லையப்பா. பிள்ளை அசையேல்லை."

ஆசுப்பத்திரியில் மருத்துவத்தாதி ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடப்பக்கம் வைத்தார், வலப்பக்கம் வைத்தார், கீழே இறக்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னெண்டு கேளுங்கோ," என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம்.

தாதி குழலிலிருந்து காதை எடுக்காமலே, கட்டில் கம்பியில் ஒரு விரலால் தட்டத் தொடங்கினார்: கடகடவென்று, ஓடும் குதிரைபோல. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பிள்ளையின் இதயம் என்று எங்களுக்கு விளங்கியது.

கவனித்துப் பார்க்கவென்று மனைவியை அங்கேயே மறித்துவைத்தார்கள். வீட்டுக்கு வந்தேன், திருப்புளி இல்லை. குசினிக் கத்தியால் திருகாணிகளைக் கழற்றிப் படத்தைப் பின்வளவுக் கொட்டிலில் குப்புற வைத்தேன். அதன்பின் வாசலில் எந்தக் கார் நின்றாலும் ஏஜென்டோ என்று யன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன்.

மகள் பிறந்ததும் முதலில் மூக்கைத்தான் பார்த்தேன். சப்பை, என்னுடையதைப்போல.

அவள் அந்த வழியில் தவழத் தொடங்கிய பிறகுதான் படத்தைக் கழற்ற அனுமதி கிடைத்தது. பதில் வந்தது 1975 ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை.