கதவில் எழுதிய கால் மணி நேரம்

பேத்தி கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறாள். ஒரே புரோகிராம் பலவகை மெஷினில் ஓட வேண்டுமாம். ஒவ்வொரு மெஷினிலும் மணி என்ன என்று கேட்கிற விதம் வேறு என்பதால், மணி தேவைப்படுகிற இடத்திலெல்லாம் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்களாம். “அதையெல்லாம் எடுத்துட்டு ஒரே இடத்துல வச்சிட்டேன் ஆச்சி” என்றாள். நான் சிரித்தேன். ஏன் என்று கேட்டாள். சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில், கல்யாணமான புதிதில், முத்தையாபுரத்தில் குடியிருந்தோம். அவர் பம்பு, மோட்டார் பார்க்கிற ஃபிட்டர். மேஸ்திரி அவரை ஒருநாள் மில்லுக்கு அனுப்புவார், ஒருநாள் துறைமுகத்துக்கு, ஒருநாள் உப்பளத்துக்கு. எங்கேயும் காலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் மூன்றும் ஒரே ஆறு மணி இல்லை. மில் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருந்தார்கள். உப்பளத்துக் கடிகாரம் கால் மணி நேரம் பிந்தி ஓடும், திருத்த ஆளில்லை. துறைமுகத்தில் மட்டும் ரேடியோவில் சொல்கிற சரியான மணி.

எங்களுக்கு ஒரே டைம்பீஸ். மறுநாள் எங்கே வேலையோ அந்த இடத்து மணிக்கு அதன் முள்ளைத் திருப்பி, ஐந்துக்கு அலாரம் வைப்பார். முந்தின நாள் எந்த மணிக்கு வைத்தோம் என்பது மறந்தால் எல்லாம் பிசகும். அப்படி இரண்டு தடவை பிந்திவிட்டார்.

ஒருநாள் மாலை, துறைமுகத்திலிருந்து வந்தவர் “நாளைக்கு உப்பளம்” என்று சொல்லிப் படுத்தார். அசதியில் முள்ளைத் திருப்ப மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. பாவம், கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும் என்று நானே பின்னால் திருப்பி வைத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே திரும்பி வந்து நின்றார்.

“கேட்டைப் பூட்டிட்டானுவ. நாளைக்கும் பிந்துனா பேரை அடிச்சிருவேன்னு மேஸ்திரி சொல்லுதாரு. நேத்து வந்த உடனேயே கால் மணி நேரம் திருப்பி வச்சேன்லா! எப்படிப் பிந்துச்சு?”

“நானும் திருப்புனேன். நீங்க மறந்துட்டீயன்னு…”

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “ஏளா, தூக்கத்தைக் குடுத்து வேலையப் பிடுங்கப் பாத்தியே!”

நான் அவரிடம் நிமிர்ந்து பேசியது அன்றுதான். “இனி முள்ளை ரெண்டு பேருமே தொட வேண்டாம். டீக்கடை அண்ணாச்சி ரேடியோவுல மணி பாத்து வைங்க. அதுபாட்டுக்கு ஓடட்டும்.”

“பெறவு மில்லுக்கு?”

அடுப்புக்கரியை எடுத்து, ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் கதவின் உட்பக்கம் எழுதினேன். மில், பத்து முன்னால. உப்பளம், பதினஞ்சு பின்னால. துறைமுகம், சரி மணி.

“வெளிய போகும்போது இதை மட்டும் பாருங்க.”

“வாயே தொறக்காதவ கதவு பூரா எழுதிட்டாளே!” என்றார்.

மறுநாளும் உப்பளம்தான். டைம்பீஸைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கிளம்பினார். இன்றைக்கும் கேட்டைப் பூட்டி அனுப்பிவிட்டால் பசியோடு வருவாரே என்று கஞ்சியை மூடி வைத்து வாசலையே பார்த்திருந்தேன். எட்டு மணியாயிற்று. எட்டரை. தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தேன்.

ஒன்பது வரை அவர் வரவில்லை. அந்தக் கஞ்சியை நானே குடித்தேன்.