அம்மன் உடுத்திய கானாத் துணி

மாமா பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஏதோ விளக்கு எரிகிறது என்றுதான் நினைத்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. கானா நாட்டில், குமாசியில் கணக்கு வாத்தியார். முதல் விடுமுறைக்கு எங்களிடம் வந்திருந்தார். அப்பா மலைநாட்டில், தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் ‘டாக்டர் ஐயா’. யாழ்ப்பாணத்துச் சொந்தபந்தம் ஒருவரும் அருகில் இல்லாவிட்டாலும், ‘சனம் என்ன சொல்லும்’ என்ற பயம் மட்டும் அப்பாவோடு ரயிலேறி வந்திருந்தது.

மாமா துணியை உதறி விரித்தார். கூடம் போதவில்லை, ஒரு பக்கம் வாசலுக்கு வெளியே போய்விட்டது. பொன்மஞ்சள், பச்சை, சிவப்பு, ஊடே கருப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரே துணி அல்ல. நாலு விரல் அகல நாடாக்களைத் தனித்தனியே நெய்து, கோலத்தோடு கோலம் பொருந்தும்படி அருகருகே வைத்துத் தைத்திருந்தார்கள். கென்டே என்று பெயராம். அசாந்தி மக்களில் ஆண்கள் நெய்வது, ஒரு காலத்தில் அரசருக்கே உரியது, ஒவ்வொரு கோலத்துக்கும் தனிப்பெயர் உண்டு என்றெல்லாம் மாமா சொன்னார். காட்டில் வலை பின்னிய சிலந்தியைப் பார்த்து இரண்டு பேர் பழகிய தொழில் என்று அங்கே கதை சொல்வார்களாம்.

“ஆனைக்காவிலை சிவனுக்குப் பந்தல் போட்ட சிலந்தி அங்கையும் போயிருக்குது போலை” என்றாள் அம்மா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தொட்டுப் பார்க்கவும் பயமாக இருந்தது.

மாமா அதை மடித்து நேரே சித்தியிடம் நீட்டினார். “இது உனக்கு.”

சித்தி அவருக்கு நேரே இளையவள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனை இழந்து, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுடைய கை துணிவரை போய், சுட்டதுபோலத் திரும்பியது. குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

“உமக்கு விசரோ?” என்றார் அப்பா.

“அங்கை வெள்ளையைச் சந்தோசத்துக்குத்தான் உடுக்கிறவை, அத்தான். துக்கத்துக்குக் கருப்பும் சிவப்பும்.”

“இது குமாசி இல்லைக் காணும், தெமோதரை. நாளைக்குச் சனத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?”

மாமா வாதாடவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அடுத்த நாள் காலை, தேத்தண்ணீர் குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: “அப்ப தோட்டத்து மாரியம்மனுக்குச் சாத்துவம். திருவிழா வருகுதுதானே.” அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மனுக்குக் கொடுத்தால் யார் என்ன சொல்ல முடியும்? தங்கச்சி பேரில் கொடுக்கலாம் என்று மாமா சொன்னதற்கும் தலையாட்டினார்.

திருவிழாவுக்கு முதல் நாள் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பூசாரிக்குத் துணியைக் கட்டும் விதம் தெரியவேண்டுமே. தன் உடம்பிலேயே சுற்றி, வலத் தோள் வெளியே தெரிய இடத் தோளில் போட்டுக் காட்டினார். பூசாரி தலையாட்டிக்கொண்டார். பிறகு மாமா என்னைப் பார்த்து, “பிள்ளை, அங்காலை போய்ப் பூப் பறிச்சுக்கொண்டு வா” என்றார். பறித்து வந்தேன். இன்னும் வேண்டும் என்றார். ஒரு துணி கட்டப் பழக இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் திரை விலகியபோது தப்புக்காரர்கள்கூடக் கொட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வருஷா வருஷம் பார்த்த அம்மன்தான். ஆனால் தோளிலிருந்து பீடம்வரை பொன்னும் பச்சையும் இறங்கி நிற்க, கடல் தாண்டி எங்கோ ஆண்டுவிட்டு அன்றுதான் வீடு திரும்பியவள்போல இருந்தாள். “ஆத்தா!” என்று லயத்துத் தொழிலாளிப் பெண்கள் கும்பிட்டு விழுந்தார்கள். நானும் விழுந்தேன். அந்தப் பிரமிப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

சாத்திய சேலையைத் திருவிழா முடிவில் கொடுத்தவர்களுக்கே பிரசாதமாகத் திருப்பிக் கொடுப்பது அந்தக் கோயில் வழக்கம். வீட்டுக்குப் பெரியவள் அம்மாதான், அவள் போய் வாங்குவாள் என்று அப்பா நினைத்திருக்கவேண்டும்.

“இது யாரு பேருல சாத்துனதுங்க?” பூசாரியின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

“என்ரை தங்கச்சி பேரிலை” என்றார் மாமா.

“அப்ப அந்த அம்மா முன்னுக்கு வரணுங்க.”

கடைசி வரிசையில் தூணோரம் நின்ற சித்தி அசையவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. அம்மா அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

“ஆத்தா உடுத்திக் குடுக்குறா. வேணாங்கப்படாது” என்றார் பூசாரி. அவர் மனைவி அந்தத் துணியைச் சித்தியின் வெள்ளைச் சேலைமேல் சுற்றி இடத் தோளில் போட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோர் கண்ணும் அப்பாமேல் இருந்தது. அப்பா மெல்லக் கைகூப்பினார்.

சித்தி அழுதபடியே, தேயிலைக்கு நடுவே அந்தத் துணியோடு வீட்டுக்கு நடந்தாள். நான் அதன் நுனி மண்ணில் படாமல் ஏந்திக்கொண்டு பின்னால் போனேன். அதற்குப் பிறகு அவள் வெள்ளைக்குத் திரும்பவில்லை. அம்மன் தொடக்கிவைத்ததை நிறுத்தச் சொல்ல அப்பாவுக்கும் துணிவில்லை.

அம்மனே என் சித்தியைக் கூப்பிட்டாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். திருவிழாவுக்கு முதல் நாள் இரண்டு கை நிறையப் பூவோடு நான் திரும்பி வந்தபோது, பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க கவலப்படாதீங்க சார், நா பாத்துக்குறேன்” என்று மாமாவிடம் சொன்னதைக் கேட்டிருந்தேன். துணி கட்டுவதற்குப் போய் ஏன் அழுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.