மின்தூக்கியில் போன காலணிகள்

தஞ்சோங் பகாரில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்குத் தமிழ்த் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போனேன். அந்த வீட்டுக்கு வாசலே இல்லை.

நான் இருப்பது பூன் லேயில், வீவக எனும் அரசாங்க அடுக்குமாடியில். அங்கே இரும்புக் கதவுக்கு வெளியே காலணிகள் குவிந்து கிடக்கும். யார் வந்திருக்கிறார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கொண்டோ எனும் இந்தச் சொகுசு அடுக்குமாடியிலோ மின்தூக்கி நேரே வரவேற்பறைக்குள் போய்த் திறக்குமாம். கீழே இருந்த காவலர், தமிழர், தன் அட்டையைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"சும்மா நில்லுங்க தம்பி, அதுவே கொண்டுபோய் விட்டுரும்."

ஏறும்போதே கவலை பிடித்துக்கொண்டது. கதவு திறந்ததும் பளிங்குத் தரை. காலணியோடு மிதித்தால் நம்மை என்ன நினைப்பார்கள்? ஆகவே மின்தூக்கிக்குள்ளேயே கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, பண்பாட்டின் மொத்தக் குத்தகைதாரன்போல இறங்கினேன். பின்னால் கதவு மெல்ல மூடிக்கொண்டது. அதைக்கூட மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"சார், முன்னாடியே சொல்லிடறேன்," என்றார் மாணவியின் அம்மா. "இவ தமிழ்ல ஒரு வார்த்தை பேச மாட்டா. வந்த டீச்சர் எல்லாம் போயிட்டாங்க. இன்னிக்கு ட்ரையல். இவ வாயத் திறந்தா அடுத்த வாரம் வாங்க."

 வேலை கிடைத்துவிட்டதாக நான் வீட்டில் அளந்துவிட்டிருந்தேன். என் அம்மா அதை மாடிக்கு மாடி அறிவித்திருந்தார்.

மாணவியின் அம்மா உள்ளே போனதும், பேச்சுப் பயிற்சிக்காகக் கொண்டுவந்த படத்தை விரித்தேன். "இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?"

"டோன்ட் நோ," என்றாள், பத்து வயது மகாராணி.

"இந்தப் பையன் என்ன செய்கிறான்?"

"டோன்ட் நோ லா."

அவள் பார்வை படத்தில் இல்லை. காலுறையின் ஓட்டை வழியே உலகை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் கட்டைவிரலில் இருந்தது.

"சார், வேர் இஸ் யுவர் ஷூ?"

"லிஃப்ட்ல வெச்சிருக்கேன்."

என் காலையும் மின்தூக்கிக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துள்ளி எழுந்தாள். "ஐயோ சார், லிஃப்ட் போயிருக்கும்!"

சுவரில் இருந்த பேசியை எடுத்துக் காவலரை அழைத்தாள். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அங்கிள், லிஃப்ட்ல ஷூ இருக்கா?"

"இருக்கு கண்ணு. கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். யாரோடது?"

"சாரோடது! கறுப்பா, பழசா இருக்கும்!"

தேக்கா சந்தையில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கியது அது.

"அதேதான். இப்ப மேல போகுது. பத்தாவது மாடி அம்மா நாயோட ஏறியிருக்காங்க."

"ஐயோ! நாய் கடிக்குதா?"

"இல்ல கண்ணு. மோந்து பாத்துச்சு. இப்ப அந்தப் பக்கமா திரும்பி நிக்குது."

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் நிமிர்ந்து பார்த்தால், அறை வாசலில் அவள் அம்மா சிலையாக நின்றுகொண்டிருந்தார்.

"நீ தமிழ் பேசுவியாடி?"

"அங்கிள்கிட்ட டெய்லி பேசுறேனே."

"அப்போ டீச்சருங்ககிட்ட?"

"அவங்க படம் காட்டுவாங்க, மா!"

அப்போது, காவலர் திருப்பி அனுப்பிய மின்தூக்கி வந்து திறந்தது. ஆள் யாருமில்லை. என் காலணிகள் மட்டும், விருந்துக்கு அழைக்கப்பட்டவைபோல் அடக்கமாக நின்றன.

"எப்படி சார் பேச வெச்சீங்க?" என்றார் அவள் அம்மா.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. பூன் லேயின் அத்தனை மாடிகளும் கண்முன் வந்து அதை உள்ளே தள்ளின. "இது ஒரு கற்பித்தல் முறை," என்றேன்.

"அடுத்த வாரமும் இதே முறையிலயே செய்யுங்க."

"அடுத்த வாரம் என்ன சார் தொலைப்பீங்க?" என்றாள் மகள்.

"குடை," என்றேன். வேறு வழி?

கீழே இறங்கியதும் காவலர் என்னைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"வேலை கிடைச்சிருச்சா தம்பி? அப்ப மொத வேலையா புது ஷூ வாங்குங்க. பாவம், அந்த நாயும் தினம் அந்த லிஃப்ட்லதான் போய் வரணும்."