ஓரத்தில் வரும் வெளிச்சம்

ஜான்சி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது மாதா கோயில் வாசலில், ஒரு வாக்குவாதத்துக்கு நடுவில். என் சின்னம்மா மகன் வேதநாயகம் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறான். ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பெயர் வேண்டும் என்கிறார் சாமியார். பெண்டாட்டி வீட்டார் பிலோமினா என்கிறார்கள். இவன் ஜான்சி என்றே பிடிவாதமாக நிற்கிறான்.

“ஜான்சின்னு எந்தப் புனிதர்ப்பா இருக்காங்க?” என்று கேட்டார் சாமியார்.

“இதுவரிக்கும் இல்ல சாமி. இனிமேட்டு இருந்துட்டுப் போவட்டுமே” என்றான்.

சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜான்சி மேரி என்று முடித்துக் கொடுத்தார். மேரி என்று அப்புறம் யாரும் கூப்பிட்டதில்லை.

அந்த வேதநாயகத்துக்குக் கண் போனதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. பெசன்ட் நகர் கரையில் ஏற்றி வைத்திருக்கும் படகுகளில் அவன் தோள் இடிக்க ஆரம்பித்தது. மணலில் உட்கார்ந்து வலை சீர் செய்கிறவர்களை மிதித்தான். குடித்துவிட்டு வருகிறான் என்றது குப்பம். அவன் குடியை விட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நேரே இருப்பது நன்றாகத் தெரிந்ததால் அவனுக்கே சந்தேகம் வரவில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குழாய்க்குள் பார்க்கிற மாதிரி நடுவில் ஒரு வட்டம்தான் மிஞ்சியிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது, கிளாக்கோமா என்றார்கள். போன பார்வை வராது, முன்னாலேயே வந்திருந்தால் இருந்ததைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள்.

கூடப் போயிருந்த ஜான்சி பள்ளிக்கூட யூனிபாரத்தில் நின்று இதையெல்லாம் கேட்டாள். அழவில்லை. குப்பத்துக்கு வந்ததும், அப்பாவைக் குடிகாரன் என்று சொன்ன வீடுகளுக்குப் போய் வாசலில் நின்று சண்டை போட்டாள்.

பிறகு கண் பரிசோதனைப் படிப்பு படித்தாள். சீக்கிரம் கட்டிக் கொடுங்கள் என்று வந்தவர்களை எல்லாம் தேசம்மா வாயாலேயே விரட்டினாள். தேசம்மா வேதநாயகத்துக்கு அக்கா, எனக்குத் தங்கை முறை. அடையாறு மார்க்கெட்டில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றோம்.

படித்து முடித்து ஜான்சி அடையாறில் ஒரு கண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தாள். இந்த நோய் யார் யாரைப் பிடிக்கிறது, ஓரப் பார்வை எந்தப் பக்கமாகப் போகத் தொடங்குகிறது என்று சோதித்துப் பார்ப்பதுதான் வேலை. கடலோரத்து ஆட்களையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக் கேட்டு எங்கள் குப்பத்தைச் சேர்க்க வைத்தாள். கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு உண்டு என்பதால் தேசம்மாவைத்தான் முதலில் உட்கார வைத்தாள்.

சமுதாயக் கூடத்தில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மெஷின். மோவாயை அதில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் எரியும் புள்ளியையே பார்க்கவேண்டும். ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் பட்டனை அமுக்கவேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

“ஓரத்துல வர்றத சொல்லணும், ஆனா பாக்கக் கூடாதா? இன்னாடி நாயம் இது?” என்றாள் தேசம்மா. “கண்ணுன்னா திரும்பத்தான் செய்யும். திரும்பாத கண்ணு என் கூடைல கீது, அத்த வெச்சு டெஸ்ட்டு எடுத்துக்க.”

கூடமே சிரித்தது. ஆனால் எங்கள் எல்லோருக்கும் அதே கதைதான். காக்கா, பூனை, விலை கேட்டுக்கொண்டே மீனை இழுத்துப் பார்க்கும் கை என்று நாள் முழுக்கச் சுற்றும் கண்கள். புள்ளியில் நிற்கவில்லை. நம்ப முடியாத சோதனை என்று மெஷினே தள்ளிவிட்டது.

ஜான்சிக்கு மேலே இருந்தவர் ஸ்ரீலக்ஷ்மி டாக்டர், மயிலாப்பூர்க்காரர். பார்க்க வந்தவர் அங்கேயே சொன்னார்:

“ஜான்சி, இந்த ரிசல்ட்ட வச்சுண்டு நான் என்ன பண்றது? நங்கநல்லூர்ல ஒரு பிளாட்ஸ்ல, அங்க வந்து டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேட்டுண்டே இருக்கா. ரிட்டயர் ஆனவா, சொன்னபடி உக்காருவா. இங்க நிறுத்திடலாம்.”

“அப்ப இவங்க?”

“ஆஸ்பத்திரிக்கு வரட்டும். யாரு வேண்டாம்னா?”

“வலிச்சாத்தான் மேடம் இவங்க ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. இது வலிக்காது. எங்கப்பா அப்படித்தான் லேட்டா வந்தாரு.”

“எனக்கும் வருத்தம்தான். ஆனா தப்பான கணக்க ஆராய்ச்சில சேக்க முடியாதே.”

“சேக்க வேணாம். நிறுத்தவும் வேணாம். நங்கநல்லூருக்குன்னா வேற ஆளப் பாத்துக்குங்க. நான் போக மாட்டேன்.”

“மிரட்டறியா?”

“இல்ல மேடம். முன்னாடியே சொல்லிடறேன்.”

டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டார். “புதன்கிழமை வரேன். அன்னிக்கும் இப்படியே இருந்தா மெஷினத் தூக்கிடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஜான்சி மார்க்கெட்டுக்கு வந்து எங்கள் எதிரில் சும்மா நின்றாள். வஞ்சிரம் கேட்ட ஒரு அம்மாவோடு வாயடித்துக்கொண்டே தேசம்மா அரிவாள்மணையில் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். வாய் வாடிக்கைக்காரியோடு, கண் அரிவாளை விட்டு நகரவில்லை. வலப்பக்கம் பூனை வந்தது. நிமிராமலே காலால் விரட்டினாள். இடப்பக்கம் ஒரு காக்கா மத்தியைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அது அவளுக்குத் தெரியவே இல்லை. ஜான்சியின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

புதன்கிழமை டாக்டர் வந்து உட்கார்ந்ததும், தேசம்மாவின் வலது கண்ணை மூடிவிட்டு ஜான்சி சொன்னாள்: “அத்தை, நடுவுல எரியுது பாரு, அதான் அருவாமண. கண்ண எடுத்தா வெரல் போச்சு. ஓரத்துல மின்னுறதெல்லாம் பூனை. நிமிராத, பட்டன அமுக்கி வெரட்டு.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி? டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு பீத்திக்கினு இருந்த.”

இந்தத் தடவை கண் நின்றது. மெஷின் ஏற்றுக்கொண்டது. திரையில் இடது கண்ணின் வெளி ஓரம் முழுக்கக் கறுப்பாக வந்தது. உள் ஓரத்திலும் பாதி இல்லை. வலது கண்ணையும் எடுத்தாள். அதில் இப்போதுதான் ஆரம்பம்.

ஜான்சி மறைக்கவில்லை. “போனது திரும்பாது அத்தை. மீதிய சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். தெனமும் போடணும், நிறுத்தவே கூடாது.”

தேசம்மா மோவாயை மெஷினிலிருந்து எடுத்தாள். “என் தம்பிகிட்ட மொத்தமா வாரிக்கினு போச்சு. எங்கிட்ட அது நடக்காது. ஊத்துடி மருந்த” என்றாள்.

டாக்டர் எழுந்தார். “எல்லாருக்கும் திரும்ப எடு. தேறினது சேரும், தேறாதது சேராது. உனக்காக விதிய மாத்த மாட்டேன்.”

“மாத்த வேணாம் மேடம்.”

பெண்களில் முக்கால்வாசிப் பேர் தேறினார்கள். அதில் சிலருக்கு நோய் இருப்பதும் தெரிந்தது. ஆண்களிடம் அரிவாள்மணை பேச்சு எடுபடவில்லை. “எனக்கு மீன் துன்னத்தான் தெரியும்” என்றான் ஆரோக்கியராஜ். அவனை இன்னும் விடாமல் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டிருக்கிறாள். மெஷின் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.

ஜான்சி இப்போது அடையாறில் அதே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்கிறாள். புதன்கிழமைகளில் எங்கள் சமுதாயக் கூடத்தில் இருக்கிறாள்.