பனி உட்கார்ந்த சத்தம்

கண்ணுங்களா, மாமா தாத்தா ஏன் நம்மோடு பனிமலைக்கு வருவதே இல்லை என்று போன வாரம் கேட்டீர்கள். கால் வலி என்று சொல்லிவிட்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதியை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. தெரிந்த தமிழில் எழுதி வைக்கிறேன், அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருந்தோம். மாமா, என் அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகும்வரை எங்களோடுதான் இருந்தார். வார நாளில் கம்ப்யூட்டர் வேலை. குளிர்காலச் சனிக்கிழமைகளில் தாஹோ ஏரிப் பக்கத்து மலைகளில் பனியில் நடக்கப் போய்விடுவார். சரிவில் கிடக்கும் பனி நிற்குமா, சரியுமா என்று பார்ப்பதற்கு வகுப்புக்கூடப் போயிருந்தார். அம்மாவுக்குப் பிடிக்காது. "எல்லாரும் கிரீன் கார்டுக்கு அலையறாங்க, இவன் ஐஸுக்கு அலையறான்" என்பாள்.

அந்த வருஷம் கெஞ்சிக் கூத்தாடி நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே ஓர் ஓடைக்கு அந்தப் பக்கம் ஸ்லெட் பலகையில் உட்கார்ந்து பனியில் சறுக்க நல்ல மேடு ஒன்று உண்டு, அதற்கு முன் ஒரு சின்னச் சரிவைக் கடக்க வேண்டும் என்றார். வழியெல்லாம் பாடம். பழைய பனிமேல் புதுப்பனி படிந்திருக்கும். நடுவில் சர்க்கரை மாதிரி உதிரியாக ஓர் அடுக்கு இருந்தால் மேலே இருப்பதற்குப் பிடிமானம் கிடையாது. காலை வைத்தால் அடியில் தொப்பென்று உட்காரும்.

"அரிசி மூட்டைய தரையில போட்டா ஒரு சத்தம் வருமே, அது மாதிரிடா. கேட்டா உடனே சொல்லணும். திரும்பிடுவோம். நோ ஆர்க்யூமென்ட்."

சரிவின் ஓரத்தில் மாமா பனி வாரும் ஷவலால் நெஞ்சளவு குழி வெட்டினார். பனியைத் தூண் மாதிரி அறுத்து நிறுத்தி, அதன் தலையில் ஷவலை வைத்துத் தட்ட ஆரம்பித்தார். மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. சீக்கிரம் உடைந்தால் ஆபத்து. எனக்குப் போர் அடித்தது. தடத்தை விட்டு நகராதே என்று சொல்லியிருந்தார். ஒன்றுக்கு வந்ததால் மரங்களுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

பத்துப் பன்னிரண்டு அடி போயிருப்பேன். காலுக்கடியில் தொப். காதில் கேட்டதா வயிற்றில் கேட்டதா தெரியவில்லை. என் காலிலிருந்து பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கோடு சரிவுப் பக்கம் ஓடி நின்றது.

திரும்பி வந்தபோது தூண் உடையாமல் நின்றிருந்தது. மாமா முகமெல்லாம் சிரிப்பு. "முப்பது தட்டியும் அசையல பாத்தியா!" என்றார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்து கேட்டார். "உனக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சாடா?"

"இல்ல மாமா."

"நிஜமா?"

"ஒண்ணும் கேக்கல மாமா. போலாமா?"

தடத்தை விட்டுப் போனதற்குத் திட்டு விழும். அதைவிட, ஸ்லெட் விடாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டுமாம். என்னை மரத்தடியில் நிறுத்திவிட்டு முதலில் அவர் போனார். பாதிகூடப் போகவில்லை. மேலே பனி பிளந்தது. பெரிய பெரிய பாளங்களாக உடைந்து அவரை வாரிக்கொண்டு இறங்கியது. ஒரு பைன் மரத்தில் மோதி, இடுப்புவரை புதைந்து நின்றார். நான் அலறிக்கொண்டு ஓடப் பார்த்தேன்.

"வராதடா! அங்கயே நில்லு! நில்லுடா கண்ணா!"

அவர் விசில் ஊத, பின்னால் வந்துகொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து தோண்டி எடுத்தார்கள். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மா அழுதுகொண்டே திட்டினாள். "அறிவிருக்காடா உனக்கு? புள்ளைய வேற கூட்டிட்டுப் போயிட்டு!"

"தப்பு என்னுதுதான்க்கா. குழி வெட்டின இடம் சரியில்ல. அவன்கிட்டகூட கேட்டேன், பாவம்."

நான் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். நிறுத்தினால் யாராவது முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று விடாமல் தின்றேன்.

கால் கூடிவிட்டது, நடைதான் கொஞ்சம் சாய்ந்தது. ஆனால் மாமா அதற்குப் பிறகு பனிக்குப் போகவே இல்லை. "எல்லாம் செக் பண்ணியும் தப்பாயிடுச்சு. இனிமே எத நம்பிப் போறது?" என்று பனிக்கு வாங்கிய சாமான்களை விற்றுவிட்டார். தன் கண்ணையும் கையையும் அவர் நம்பாமல் போனது என்னால்தான். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் நிறையக் கேள்வி கேட்பார்கள். பல் தேச்சியா, ஹோம்வொர்க் முடிச்சியா, ஸ்கூல்ல ஏதாவது பிரச்சினையா. எதற்கு எந்தப் பதில் சொன்னால் அவர்கள் நிம்மதியாகப் போவார்கள் என்று எனக்கு அத்துப்படி. மாமா கேட்டதையும் அப்படி ஒரு கேள்வி என்றே நினைத்தேன். பதில் தெரியாமல், பதிலுக்காகவே ஒரு பெரியவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

விபத்து நடந்து பத்து நாள் இருக்கும். அந்த மலைக்குப் போகிற மற்றவர்களுக்கு உதவட்டும் என்று மாமா கம்ப்யூட்டரில் பனி சரிந்ததைப் பற்றி ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். மாத்திரை போட நடுவில் எழுந்து, கட்டையை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் திரையைப் பார்த்தேன். சரிவதற்கு முன் ஏதாவது சத்தம் கேட்டதா என்ற வரியில், 'இல்லை' என்பதற்கு நேரே புள்ளி இருந்தது. மவுஸை நகர்த்தி 'ஆம்' என்பதை அழுத்தினேன். பிறகு வாசலுக்குப் போய், ஷூ லேஸ் கட்டுகிறவன்போல் குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.